கடலடியில் எடுத்த கணக்கு

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம்மவர் பழமொழி. ஆற்றிலே போடுவதைக் கரையில் நின்றே அளந்துவிடலாம். கடலுக்கு அடியில் இருப்பதை அளப்பது எவ்வாறு? அளக்க இறங்குகிறவர் மூச்சுக்கு என்ன செய்வார்? அவர் கொண்டு வரும் கணக்கை நாம் நம்புவது எப்படி? இக்கேள்விகளுக்கு மனிதர் விடை கண்ட வரலாறு நெடியது. அவ்வரலாற்றில் மலேசிய, சிங்கப்பூர்க் கடல்களுக்கும் ஓர் இடம் உண்டு.

இதனை எழுதத் தூண்டியவள் என் பழைய மாணவி ஒருத்தி. எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை பயின்றவள். இன்று ஒரு வங்கியில் பணியாற்றுகிறாள். சென்ற பள்ளி விடுமுறையில் என்னைக் காண வந்தவள், பையிலிருந்து ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் சிலேட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் கட்டங்கள் போட்டு, மீன்களின் பெயர்களும் எண்களும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன.

“என்னம்மா, மறுபடியும் முதலாம் ஆண்டா?” என்று கேட்டேன்.

“ஆமாம் சார். ஆனால் இந்த வகுப்பு தண்ணீருக்கு அடியில்” என்றாள்.

கிழக்குக் கரைத் தீவுகளின் பக்கம் ஒரு படகிலேயே ஐந்து நாள் தங்கி, நாள்தோறும் முக்குளித்துப் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் தொண்டர்களுள் அவளும் ஒருத்தியாம். சிலேட்டில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. ‘மாமெங்’ என்னும் மீனின் பெயருக்கு எதிரே நான்கு கட்டங்களிலும் சுழியம் இட்டிருந்தாள். “இல்லாத மீனை எதற்கு எழுத வேண்டும்?” என்றேன். “அதுதான் சார் முக்கியமான வரி” என்றாள். அவ்விடையின் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூச்சின் எல்லை

முக்குளிக்கும் தொழில் தமிழருக்குப் புதிதன்று. கொற்கையின் முத்தைச் சங்கப் புலவர் பாடினர். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் காலில் கல்லைக் கோத்து, கயிற்றைப் பற்றி, ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரை ஆழத்தில் இறங்கினர். ஒரு மூச்சில் அவர்கள் கீழே நின்ற நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம். மிக வல்லவர் அதற்குச் சற்று மேல். அந்நேரத்திற்குள் சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட்டுக் கயிற்றை அசைக்க, மேலிருப்பவர் இழுத்துவிடுவார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்குளிப்பை அறிவிப்பதற்கு முன்னர், அதிகாரிகள் பார்களுக்குச் சென்று, முக்குளிப்போரைக் கொண்டு மாதிரிச் சிப்பிகள் எடுத்து, அவற்றை எண்ணி, முத்தின் மதிப்பைக் கணித்து, அதன் பின்னரே நாள் குறித்தனர். ஆகவே கடலடிக் கணக்கு என்பதே நம் முக்குளிப்போரின் மூச்சில் நடந்ததுதான். ஆயினும் அவர்கள் தம் கண்ணால் கண்ட கடலடி உலகைப் பற்றி என்ன அறிந்திருந்தனர் என்பதை எழுதி வைப்பார் இலர். சிப்பியின் எண்ணிக்கை ஏட்டில் ஏறிற்று. எடுத்தவரின் அறிவு ஏறவில்லை.

மூச்சின் எல்லையை நீட்டிக்க மேலைநாட்டார் பலவாறு முயன்றனர். வால்மீனுக்குத் தம் பெயரைத் தந்த வானநூலார் எட்மண்ட் ஹாலி, 1691-ஆம் ஆண்டில் மணி போன்ற ஒரு கூண்டைக் கடலில் இறக்கி, கனமேற்றிய பீப்பாய்களில் புதுக்காற்றை அனுப்பி, அதனுள் அமர்ந்திருந்தார். 1837-இல் இலண்டனில் அகஸ்டஸ் சீபே என்பவர் செம்புத் தலைக்கவசத்தோடு உடல் முழுவதையும் மூடும் உடையை அமைத்தார். படகிலிருந்து குழாய் வழியே காற்று வரும். ஆனால் அவ்வுடை அணிந்தவர் குழாயின் நீளத்திற்குக் கட்டுண்டவர். ஈயக் காலணியோடு நடப்பாரே அன்றி நீந்த மாட்டார்.

இன்னொரு பகையும் இருந்தது. கடலில் பத்து மீட்டர் இறங்கும்தோறும் நம்மேல் ஒரு காற்றுமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. முப்பது மீட்டர் ஆழத்தில் நாம் மூச்சாக இழுக்கும் காற்று கரையில் உள்ளதைப் போல் நான்கு மடங்கு அழுத்தம் உடையது. அக்காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் அது குமிழியாகப் பொங்கும், மூட்டுகளை முறுக்கும், கைகால்களை முடக்கும், உயிரையும் வாங்கும். பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் 1878-இல் இதன் காரணத்தை விளக்கினார். 1908-இல் ஜான் ஸ்காட் ஹால்டேன், வெள்ளாடுகளைக் கொண்டு சோதித்து, எந்த ஆழத்திலிருந்து எங்கெங்கு எவ்வளவு நேரம் நின்று ஏற வேண்டும் என்று அட்டவணை வகுத்துத் தந்தார். இன்று முக்குளிப்போர் மேலே வருமுன் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருவது அவ்வழி வந்த எச்சரிக்கையே.

குழாய் இல்லாத மூச்சு

கட்டை அவிழ்த்தது ஒரு சிறு அடைப்பான். இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சில் பெட்ரோல் கிடைக்கவில்லை. கார்களை எரிவாயுவால் ஓட்ட வேண்டியதாயிற்று. அதற்கென எமில் கன்யான் என்னும் பொறியாளர் ஓர் அடைப்பானை வடிவமைத்திருந்தார். கடற்படை அதிகாரியான ஜாக்-இவ் குஸ்தோ அவரை அணுகி, உறிஞ்சும்போது மட்டும், அந்த ஆழத்தின் அழுத்தத்திற்கு ஏற்ற அளவு காற்றைத் தரும் கருவி வேண்டும் என்றார். 1943 தொடக்கத்தில் பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றில் முதற்சோதனை நடந்தது. படுத்து நீந்தினால் நன்கு வேலை செய்த கருவி, நிமிர்ந்தால் காற்றை வீணாக்கியது. மூச்சை வெளிவிடும் வழியை உள்ளிழுக்கும் வழியின் அருகே கொண்டு வந்ததும் குறை நீங்கிற்று. அவ்வாண்டின் கோடையில் குஸ்தோ மத்தியதரைக் கடலில் அக்கருவியோடு மீன்போல் நீந்தினார். இன்று ‘ஸ்கூபா’ என்று நாம் வழங்கும் முக்குளிப்பு உலகெங்கும் பரவியது இக்கருவியாலேயே.

மூச்சுக் கிடைத்தது, இனி வீடு வேண்டும். கடலடியை ஆராய்பவர் கரையிலிருந்து நாள்தோறும் சென்று வர இயலாது; கடலிலேயே வாழ வேண்டும். 1942-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஒரு மரக்கப்பல் கட்டப்பட்டது. கடலில் பகைவர் இட்ட கண்ணிவெடிகளை அகற்றுவது அதன் வேலை. போருக்குப் பின் மால்ட்டாத் தீவுகளிடையே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் தோணியாயிற்று. அப்போது அதற்கு இடப்பட்ட பெயர் கலிப்சோ. கிரேக்கப் பழங்கதையில் வரும் கடல் நங்கையின் பெயர். லோயல் கின்னஸ் என்னும் செல்வர் அதனை வாங்கி, ஆண்டுக்கு ஒரு பிராங்கு என்னும் பெயரளவு வாடகைக்கு 1950-இல் குஸ்தோவிடம் ஒப்படைத்தார்.

கப்பலின் முகப்பில், நீர்மட்டத்திற்குக் கீழே, கண்ணாடிச் சாளரங்களோடு ஓர் அறை அமைத்தனர். கப்பலின் அடியில் ஒரு கிணறு திறந்து, அதன் வழியே முக்குளிப்போர் இறங்கினர். குஸ்தோவின் மனைவி சிமோன் தம் நகைகளை விற்றுக் கருவிகள் வாங்கத் துணை நின்றார். கணவரைவிட மிகுதியான நாட்கள் கப்பலில் வாழ்ந்தவர் அவரே. மாலுமிகள் அவரை ‘இடைச்சி’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் அழைத்தனர். மந்தையை மேய்ப்பவர் என்பது கருத்து. படங்களில் அவர் முகம் அரிதாகவே தெரியும். முத்துக்குளித்தோரின் கதையைப் போலவே, இங்கும் உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர்.

வெடி வைத்து எடுத்த கணக்கு

1951 நவம்பரில் கலிப்சோ விஞ்ஞானிகளோடு செங்கடலுக்குப் புறப்பட்டது. பயணங்களுக்குப் பணம் வேண்டுமே! 1954-இல் பாரசீக வளைகுடாவில் அபுதாபிக் கரையருகே எண்ணெய் தேடும் பணியை மேற்கொண்டு கப்பலின் செலவுக்கு வழி தேடினர். 1955-இல் செங்கடலிலும் இந்துமாக் கடலிலும் எடுத்த காட்சிகளைக் கொண்டு குஸ்தோவும் லூயி மாலும் இயக்கிய ‘மௌன உலகம்’ என்னும் திரைப்படம், 1956-இல் கான் திரைவிழாவின் தலைமைப் பரிசைப் பெற்றது. கடலடியின் வண்ணத்தை உலகம் கண்குளிரக் கண்டது.

அப்படத்தில் இன்று பார்ப்பவர் முகம் சுளிக்கும் காட்சிகள் உள்ளன. கப்பலின் விசிறி பட்டுக் காயமுற்ற திமிங்கிலக் கன்றை மொய்த்த சுறாக்களை மாலுமிகள் வெறிகொண்டு வெட்டிக் கொல்கின்றனர். இன்னொரு காட்சியில், ஒரு பவளப்பாறையில் என்னென்ன உயிர்கள் உள்ளன என்று கணக்கெடுப்பதற்காக டைனமைட்டு வைத்து வெடிக்கின்றனர். செத்து மிதப்பனவும் அடியில் விழுந்தனவுமான மீன்களைப் பொறுக்கி வரிசைப்படுத்துகின்றனர். எல்லா இனங்களையும் அறிய இதுவே வழி என்று படத்தில் விளக்கமும் சொல்லப்படுகிறது.

அவர்களைக் கொடியவர் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. பாறையின் பொந்துகளில் ஒளிந்திருக்கும் சிறு மீன்களைக் கண்ணால் மட்டும் கண்டு முடிக்க இயலாது என்பது உண்மை. உயிரினங்களைப் பிடித்துக் கொன்று புட்டியில் இட்டு ஆராய்வதே அக்கால விஞ்ஞானத்தின் பொது வழக்கம். கடல் வற்றாத களஞ்சியம் என்றே அனைவரும் நம்பினர். ஆயினும் அம்முறையில் ஒரு குறை இருந்தது. கொன்று எடுத்த கணக்கை அதே இடத்தில் மறுமுறை எடுக்க முடியாது. அடுத்த ஆண்டு அங்கே சென்று எண்ணினால், கிடைப்பது இயற்கையின் கணக்கன்று. நம் வெடியின் கணக்கு. ஒரு பாறை வாழ்கிறதா, நலிகிறதா என்று அறிய ஆண்டுதோறும் எண்ண வேண்டும். ஆண்டுதோறும் எண்ண வேண்டுமாயின் கொல்லாமல் எண்ண வேண்டும்.

குஸ்தோவும் மாறினார். 1960-இல் பிரெஞ்சு அரசினர் அணுக்கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டத் திட்டமிட்டபோது, அதனை எதிர்த்து மக்களைத் திரட்டியவர்களுள் அவர் முன்னின்றார். 1973-இல் கடலைக் காக்கவென ஒரு சங்கத்தையும் நிறுவினார். வெடி வைத்த கை, வெடியைத் தடுக்கும் கையாயிற்று. சபாவின் கடல்களில் வெடிவைத்து மீன் பிடிக்கும் குற்றம் இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பதை அறிந்த நமக்கு இம்மாற்றத்தின் அருமை தெரியும்.

நம் கடலுக்கு வந்த கப்பல்

கலிப்சோ நம் பக்கமும் வந்தது. சபாவின் தென்கிழக்கே, ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் சிப்பாடான் தீவில் குஸ்தோவின் குழுவினர் எடுத்த ஆமைகளைப் பற்றிய படம் 1989-இல் வெளிவந்தது. அதுவரை மீனவரும் ஆமை முட்டை எடுப்போரும் சிலரும் மட்டுமே அறிந்திருந்த அச்சிறு தீவின் பெயர் உலகெங்கும் பரவியது. கூட்டம் பெருகியது, தீவில் விடுதிகள் எழுந்தன. பின்னர் தீவு தாங்காது என்று கண்டு, 2004-ஆம் ஆண்டின் முடிவோடு அரசாங்கம் விடுதிகளைத் தீவிலிருந்து அகற்றியது.

1996 ஜனவரி 8-ஆம் நாள், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நின்றிருந்த கலிப்சோவின்மீது ஒரு சரக்குத் தோணி மோதிற்று. உலகக் கடல்களையெல்லாம் சுற்றிய கப்பல் துறையிலேயே மூழ்கியது. சில நாள் கழித்துப் பாரந்தூக்கியால் அதனை மேலே எடுத்தனர். எனினும் அது மீண்டும் ஆய்வுப் பயணம் போகவில்லை. அடுத்த ஆண்டு, 1997 ஜூன் 25-ஆம் நாள், குஸ்தோவும் காலமானார்.

அதே 1997-ஆம் ஆண்டில்தான் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஒரு பெரிய கப்பலும் ஒரு புகழ்பெற்ற தலைவரும் செய்துவந்த வேலையின் ஒரு பகுதியைப் பெயர் தெரியாத பலர் கையில் எடுத்தனர். கிரெகர் ஹாட்ஜ்சன் என்னும் கடலாய்வாளர் 1996-இல் தொடங்கிய ‘ரீஃப் செக்’ என்னும் இயக்கம் தன் முதற் கணக்கெடுப்பை நடத்திற்று. பொழுதுபோக்காக முக்குளித்து வந்த சாதாரண மக்களுக்கு விஞ்ஞானிகள் பயிற்சியளித்து, ஒரே முறையில், உலகெங்கும் பவளப்பாறைகளை எண்ணச் செய்வது அதன் நோக்கம். முதலாண்டிலேயே 31 நாடுகளில் 300-க்கு மேற்பட்ட பாறைகள் எண்ணப்பட்டன. மனிதர் கை படாதவை என்று கருதப்பட்ட தொலைவான பாறைகளிலும் சிங்கி இறாலும் பெரிய களவாய் மீன்களும் அரிதாகிவிட்டதைக் கண்டு எண்ணியவர்களே திகைத்தனர்.

இம்முயற்சிக்கு முன்னோடிகளும் இருந்தனர். சிங்கப்பூரில் 1980-களிலேயே பேராசிரியர் சௌ லோக் மிங் தன்னார்வ முக்குளிப்போரைப் பயிற்றுவித்துத் தென்தீவுகளின் பாறைகளை ஆராய்ந்தார். நிலமீட்புப் பணிகளால் சிங்கப்பூரின் பல பாறைகள் மறைந்தன. எஞ்சியவை காக்கத் தக்கவை என்று காட்டியவை அத்தகைய கணக்குகளே. 2014-இல் அக்கா தங்கைத் தீவுகளைச் சூழ்ந்த கடல், நாட்டின் முதற் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மலேசியாவில் ‘ரீஃப் செக்’ அமைப்பு 2007-இல் நிறுவப்பட்டு ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடுகிறது.

படகிலே ஒரு நாள்

என் மாணவி சொன்னதைக் கொண்டு அவ்வேலையின் முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். விடியற்காலையில் காற்று நிரப்பும் இயந்திரத்தின் இரைச்சலே சேவற்கூவல். பசியாறிய பின் தலைவர் படம் வரைந்து அன்றைய இடத்தையும் நீரோட்டத்தையும் விளக்குவார். யாரும் தனியே இறங்கக் கூடாது. இருவர் இருவராகவே இறங்க வேண்டும். ஒருவர் மற்றவரின் கருவியைத் தொட்டுச் சோதித்த பின்னரே நீரில் குதிப்பர்.

அடியில் நூறு மீட்டர் நீள அளவுநாடாவை ஒரே ஆழத்தில் விரிப்பர். அதில் இருபது மீட்டர் நீளமுள்ள நான்கு துண்டுகள்; நடுவில் ஐந்தைந்து மீட்டர் இடைவெளி. நாடா விரித்த கலக்கம் அடங்கி மீன்கள் திரும்பி வரும்வரை கால் மணி நேரம் காத்திருப்பர். பின்னர் ஒரு இணை, நாடாவின் இருபுறமும் சேர்த்து ஐந்து மீட்டர் அகலத்தில் மீன்களை எண்ணும். அடுத்த இணை சிங்கி இறால், இராட்சதச் சிப்பி, கடல் அட்டை, முட்கிரீட நட்சத்திர மீன் முதலியவற்றைத் தேடும். இன்னோர் இணை அரை மீட்டருக்கு ஓரிடமாகத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடுவது உயிருள்ள பவளமா, செத்த பாறையா, மணலா என்று குறிக்கும். இவ்வாறு ஒரு துண்டுக்கு நாற்பது, மொத்தம் நூற்றறுபது குறிகள்.

எல்லா மீனையும் எண்ணுவதில்லை. அடையாளம் காண எளியவையும், கடலின் நலத்தைக் காட்டுபவையுமான சிலவற்றையே எண்ணுவர். வண்ணத்துப்பூச்சி மீன் குறைந்தால் ஒரு பொருள். களவாய் குறைந்தால் வேறு பொருள். தேர்வில் தேறாதவர் சிலேட்டைத் தொட முடியாது. வங்கி ஊழியரும் மாணவரும் மருத்துவரும் அங்கே ஒன்றே. இரவில் உப்பு நீரால் தடித்த விரல்களோடு விளக்கடியில் அமர்ந்து, சிலேட்டில் உள்ளதைத் தாளில் படியெடுப்பர். “கண் சொருகும் சார். ஆனால் மறுநாளுக்கு ஒத்தி வைத்தால் நினைவு மாறிப்போகும் என்று விட மாட்டார்கள்” என்றாள். படகில் நன்னீருக்கும் அளவு உண்டு. குளிக்கும் வாளியும் கணக்கில் அடங்கும்.

சுழியத்தின் மதிப்பு

இனி மாமெங் மீனுக்கு வருவோம். இரண்டு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய, நெற்றி புடைத்த அழகிய பெருமீன் அது. உயிரோடு உணவகத் தொட்டிகளில் வைத்து மிக்க விலைக்கு விற்கப்பட்டதால் பல கடல்களில் அருகிப்போயிற்று. 2004-இல் அதன் உலக வாணிகம் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் சேர்க்கப்பட்டது. அம்மீன் இருக்க வேண்டிய பாறையில் இல்லை என்று எப்படித் தெரியும்? தேடிப் பார்த்து, இல்லை என்று எழுதி வைத்தவர் இருந்தால்தான் தெரியும். எழுதாமல் விட்ட கட்டமும் சுழியம் இட்ட கட்டமும் ஒன்றல்ல. முன்னதற்கு ‘யாரும் பார்க்கவில்லை’ என்று பொருள். பின்னதற்கு ‘பார்த்தோம், இல்லை’ என்று பொருள்.

1998-இல் கடல் வெப்பமேறிப் பவளங்கள் உலகெங்கும் வெளுத்தன. அவ்வாண்டில் உலகப் பவளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அழிந்தது என்று அறிஞர் மதிப்பிட்டனர். முந்திய ஆண்டின் கணக்கு கையில் இருந்த இடங்களில் எவ்வளவு இழந்தோம் என்று சொல்ல முடிந்தது. 2010-இல் மீண்டும் வெளுத்தபோது, தியோமான், ரெடாங் முதலிய இடங்களில் சில முக்குளிப்புத் தளங்களை மலேசிய அரசாங்கம் தற்காலிகமாக மூடிற்று. 2024-இல் மற்றுமோர் உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் முதலில் கேட்கப்படும் கேள்வி ‘முன்பு எப்படி இருந்தது?’ என்பதே. அதற்கு விடை பழைய சிலேட்டில் இருக்கிறது.

கணக்கெடுத்தால் மட்டும் பவளம் பிழைத்துவிடுமா என்று கேட்பவரும் உண்டு. பிழைக்காது. நூற்றறுபது குறிகள் கடலின் வெப்பத்தை ஒரு பாகைகூடக் குறைக்க மாட்டா. ஆனால் கணக்கில்லாத இழப்பு இழப்பாகவே தோன்றாது. முன்னையது எப்படி இருந்தது என்று அறியாத தலைமுறை, எஞ்சியிருப்பதையே இயல்பு என்று எண்ணிக்கொள்ளும்.

இதை அவள் சொல்லக் கேட்டபோது என் மேசையிலிருந்த பதிவேட்டின்மீது என் கண் சென்றது. எங்கள் தோட்டத்தில் குடிகள் குறைந்துவிட்டனர். இவ்வாண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்தவர் நால்வர். அந்த எண்ணை ஒவ்வோர் ஆண்டும் மேலிடத்துக்கு எழுதி அனுப்பும்போது என் கை சற்றுத் தயங்கும். பெருக்கி எழுதவும் மனம் வராது. எழுதாமல் இருக்கவும் முடியாது. சுழியத்தை நேர்மையாக இடுவதற்கு என்ன துணிவு வேண்டும் என்பதைத் தலைமையாசிரியர் பலரும் அறிவர். ஆயினும் எழுதப்பட்ட குறைவுக்கே என்றேனும் ஒரு பரிகாரம் தேட முடியும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடலும் கப்பலும் எல்லாப் பள்ளிக்கும் வாய்ப்பதில்லை. பள்ளி வாசலில் ஒரு மரம் இருக்கும். பக்கத்தில் ஓர் ஓடை இருக்கும். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், கால் மணி நேரம் அங்கு வரும் பறவைகளையோ தவளைகளையோ பிள்ளைகள் எண்ணட்டும், தேதியிட்டு எழுதட்டும், ஒன்றும் வராத நாளில் சுழியம் இடட்டும். எங்கள் பள்ளியில் சென்ற மாதம் தொடங்கிவிட்டோம். முதல் நாள் ஒரு பையன், “சார், ஒரு குருவிகூட வரலை, என்ன எழுத?” என்று கேட்டான். சுழியம் போடச் சொன்னேன்.